சாதியைத் தொடாத குழந்தை வளர்ப்பு

‘முதல் ஆயிரம் நாட்கள்’ என்ற சொல் இப்போது அங்கன்வாடிச் சுவரிலும் ஆரம்ப சுகாதார நிலையத்துப் பதாகையிலும் அடிக்கடி கண்ணில் படுகிறது. கருவுற்ற நாள் முதல் குழந்தைக்கு இரண்டு வயது முடியும் வரையிலான காலம் அது. அந்த நாட்களில் கிடைக்கும் உணவும் அரவணைப்பும் பேச்சும் விளையாட்டும் வாழ்நாள் முழுவதற்குமான அடித்தளம் என்கிறது அறிவியல். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த அறிவியல் ஜெனீவாவில் கிளம்பி நம் ஊர் வந்து சேர்வதற்குள், சேரித் தாய்க்குச் சொல்லும் புத்திமதியாகச் சுருங்கிவிடுகிறது. அதைத்தான் கேள்வி கேட்கிறேன்.

2018 மே மாதம் உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், உலக வங்கி ஆகியவை சேர்ந்து, தொடக்கக் குழந்தைப் பருவ வளர்ச்சிக்கான ஒரு சட்டகத்தை வெளியிட்டன. நல்ல உடல்நலம், போதுமான உணவு, குழந்தையின் சைகையைப் புரிந்து அதற்கேற்ப நடந்துகொள்ளும் பராமரிப்பு, பாதுகாப்பு, சிறுவயதிலேயே கற்கும் வாய்ப்பு என ஐந்து கூறுகளை அது வகுத்தது. 2020-இல் உலக சுகாதார நிறுவனம் நான்கு பரிந்துரைகள் கொண்ட வழிகாட்டுதலைக் கொண்டுவந்தது. முதல் மூன்று ஆண்டுகளில் எல்லாக் குழந்தைகளுக்கும் சைகையறிந்த பராமரிப்பு கிடைக்க வேண்டும். குழந்தையோடு பேசியும் விளையாடியும் கற்பிக்கப் பெற்றோருக்குத் துணை நிற்க வேண்டும். ஊட்டச்சத்துத் திட்டமும் பராமரிப்புப் பயிற்சியும் சேர்ந்தே நடக்க வேண்டும். தாயின் மனநலத்தைக் கவனிக்க வேண்டும்.

நான்கும் நல்ல பரிந்துரைகள்தான். ஆனால் நான்கிலும் சாதி என்ற சொல் இல்லை. உலகம் முழுமைக்கும் எழுதப்பட்ட ஆவணத்தில் அதை எதிர்பார்க்க முடியாது என்று ஒருவர் சொல்லலாம். சரி, ஒப்புக்கொள்வோம். அப்படியானால் இந்தியாவில் அதை நடைமுறைப்படுத்துகிறவர்கள்தானே அந்தச் சொல்லை எழுதிச் சேர்க்க வேண்டும்? சேர்த்தார்களா? இல்லை. மாறாக, ஆவணத்தில் இருந்த ஒரு பகுதியையும் வசதியாக விட்டுவிட்டார்கள். பராமரிப்பவருக்கு உகந்த சூழலை அரசின் கொள்கைகள்தான் உருவாக்க வேண்டும், ஊதியத்துடன் கூடிய விடுப்பும் எளிதில் கிடைக்கும் குழந்தைகள் காப்பகமும் அதில் அடங்கும் என்று 2018 சட்டகமே சொல்கிறது. நம் ஊர் விழிப்புணர்வுக் கூட்டங்களில் அந்தப் பக்கத்தை யாரும் வாசிப்பதில்லை. ‘குழந்தையிடம் பேசுங்கள், கண்ணைப் பாருங்கள், கையைக் கழுவுங்கள், செல்போனைக் கொடுக்காதீர்கள்’ என்ற பக்கத்தை மட்டும் வாசிக்கிறார்கள். அதாவது அரசுக்கான கடமைகள் கழிந்து, தாய்க்கான கடமைகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

நேரம் யாரிடம் இருக்கிறது?

சைகையறிந்த பராமரிப்புக்கு முதலில் வேண்டியது விலையுயர்ந்த பொம்மை அல்ல, நேரம். குழந்தை அழும்போது அருகில் ஒருவர் இருக்க வேண்டும். பசியால் அழுகிறதா, தூக்கத்துக்கு அழுகிறதா என்று தெரிந்துகொள்ளும் அளவுக்கு அவர் பக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும். இந்த நேரத்தைச் சாதிதான் பங்கிடுகிறது.

தமிழ்நாட்டு அரசின் நிரந்தரப் பெண் ஊழியருக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம் ஊதியத்துடன் மகப்பேறு விடுப்பு உண்டு. வரவேற்க வேண்டிய ஏற்பாடு. அதே அலுவலகத்தின் கழிப்பறையைக் கழுவும் ஒப்பந்தப் பணியாளருக்கு எத்தனை மாதம்? 2017-இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து 26 வாரம். ஆனால் அது பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கான விதி. ஏட்டில் இருக்கும் அந்த உரிமை, ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவராகக் கணக்குக் காட்டப்படும் பெண்ணின் கைக்கு வந்து சேர்வதில்லை. வயலில் நாற்று நடுகிறவருக்கும் வீட்டு வேலை செய்கிறவருக்கும் ஏட்டில்கூட இல்லை. அவர்களுக்கு இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதி உதவி, 18,000 ரூபாய், அதுவும் முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும், தவணைகளாக. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடு என்பது உலக விதி. அந்த ஆறு மாதத்தில் 18,000 ரூபாயை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு எந்தக் கூலிப் பெண்ணுக்கு இருக்கிறது?

என் அம்மா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். விடிவதற்கு முன்பே வேலைக்குப் போய்விடுவார். நான் பிறந்து ஒரு மாதமும் சில நாட்களும் ஆனபோது மறுபடியும் துடைப்பத்தைக் கையில் எடுத்தார், எடுக்காவிட்டால் அந்த இடத்தில் வேறொருவரைப் போட்டுவிடுவார்கள் என்பதால். என் அழுகையின் அர்த்தம் தெரிந்து என்னைத் தூக்கியவள் என் அக்கா. அப்போது அவளுக்கு வயது எட்டு. அந்த ஆண்டோடு அவள் பள்ளிக்கூடம் நின்றது. எனக்குக் கிடைத்த ‘சைகையறிந்த பராமரிப்பு’ இன்னொரு குழந்தையின் படிப்பிலிருந்து வெட்டியெடுத்துக் கொடுக்கப்பட்டது. இந்தக் கணக்கு எந்த வழிகாட்டுதலிலும் வராது. ஆனால் நம் தெருக்களில் வீட்டுக்கு ஒரு அக்கா இருக்கிறாள்.

2019-இல் உலக சுகாதார நிறுவனம் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் ஓட்டம், உறக்கம், திரை நேரம் பற்றி ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. நகர்ப்புற நடுத்தர வர்க்கம் அதிலிருந்து பிடித்துக்கொண்டது செல்போன் விஷயத்தை மட்டும்தான். அதே ஆவணத்தில் இன்னொன்றும் இருக்கிறது: குழந்தையை ஒரே நேரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டியிலோ நாற்காலியிலோ முதுகிலோ கட்டி வைக்கக்கூடாது. செங்கல் சூளையில் மரக்கிளையில் தூளி கட்டிவிட்டு மண் மிதிக்கும் இருளர் பெண்ணிடம் போய் இந்த விதியைச் சொல்லிப் பாருங்கள். தூளியை விட்டு இறக்கினால் குழந்தை எங்கே தவழும்? சூடான சாம்பலிலா, லாரி திரும்பும் பாதையிலா? முன்பணத்துக்காகக் குடும்பத்தோடு கட்டிப்போடப்பட்டிருப்பவரிடம் குழந்தையைக் கட்டாதே என்று சொல்வதைவிடக் கொடிய நகைச்சுவை உண்டா?

இது புதிய சிந்தனை ஒன்றும் அல்ல. 1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நலச் சட்ட முன்வரைவு விவாதத்துக்கு வந்தபோது அண்ணல் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், ஆகவே அதன் செலவில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும் என்பதே அவர் வாதம். ஆலைப் பெண் தொழிலாளர்களுக்காகப் பேசப்பட்ட அது கிட்டத்தட்ட நூறு ஆண்டுகளாகியும் நாற்று நடுகிறவரை எட்டவில்லை. வேலைத்தளக் காப்பகமும் அப்படித்தான். 2005-ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டம், ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் வேலையிடத்துக்கு வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமிக்க வேண்டும் என்று எழுதிவைத்தது. அந்தப் பெண்ணை உங்கள் ஊர் ஏரிக்கரையில் எத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள்?

தொடாத கை

வளர்த்தெடுக்கும் பராமரிப்பு என்பது தொடுவதில் தொடங்குகிறது. தூக்குவது, எடை போடுவது, ஊட்டுவது, துடைப்பது எல்லாமே தொடுதல்தான். தொடக்கூடாது என்பதையே அறமாக வைத்திருக்கும் சமூகத்தில் இந்த விதியை எப்படி நடைமுறைப்படுத்துவீர்கள்? சங்கமித்ரா ஆச்சார்யா குஜராத், ராஜஸ்தான் மாநிலக் கிராமங்களில் தலித் குழந்தைகளிடையே நடத்திய ஆய்வு 2010-இல் வெளிவந்தது. மருந்து கொடுக்கும்போதும் பரிசோதனை செய்யும்போதும் தலித் குழந்தையைத் தொடாமல் காரியத்தை முடித்துக்கொள்ளும் ஊழியர்களை அது பதிவு செய்தது. நோயுற்ற குழந்தையின் கையில் படாமல் மாத்திரையைப் போடும் மனிதரிடம் சைகையறிதல் பற்றி என்ன பயிற்சி கொடுத்து என்ன பயன்?

அது வடக்கில், இங்கே பெரியார் மண் என்று கிளம்பி வருகிறவர்களுக்காக இரண்டு ஊர்களைச் சொல்கிறேன். 2018 ஜூலையில் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த தலித் பெண்ணை, அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று தடுத்தார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது அவரை இடம் மாற்றியது. போராட்டம் வெடித்த பிறகுதான் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் மிட்டாய் கேட்டு வந்த தலித் சிறுவர்களிடம், ஊர்க் கட்டுப்பாடு, உங்களுக்குத் தர மாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்றார் கடைக்காரர். குழந்தை கேட்கிறது, பெரியவர் பதில் சொல்கிறார். ஜெனீவா ஆவணங்கள் உயிர்நாடியாகக் கருதும் உரையாடல் இதுதான். நம் ஊர்க் குழந்தைக்கு அந்த உரையாடலில் கிடைத்த பாடம் சாதி.

இடமும் தொடுதலைப் போன்றதே. அங்கன்வாடி எந்தத் தெருவில் இருக்கிறது என்பது சின்ன விஷயம் அல்ல. மூன்று வயதுக் குழந்தை தனியாக ஊரைத் தாண்டி நடந்து போகாது. அங்கே தன்னை எப்படிப் பார்ப்பார்கள் என்று தெரிந்த தாய் அனுப்பவும் மாட்டார். உச்ச நீதிமன்றம் உணவு உரிமை வழக்கில் 2004-லேயே பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு அங்கன்வாடியில் முன்னுரிமை தர உத்தரவிட்டது. அங்கன்வாடி இல்லாத குடியிருப்பில் ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்தால், கேட்ட மூன்று மாதத்துக்குள் திறக்க வேண்டும் என்று 2006-இல் சொன்னது. இந்த உத்தரவுகளைக் கையில் வைத்துக்கொண்டு ‘எங்கள் தெருவில் திற’ என்று கேட்பது நம் உரிமை. அதோடு நிற்கக்கூடாது. நம் தெருவில் திறக்கும் மையத்துக்கு ஊர்த்தெருக் குழந்தைகளும் வர வேண்டும். சேரியில் ஒன்று, ஊரில் ஒன்று என்று கட்டிக்கொடுத்துவிட்டு அதை வளர்ச்சி என்று சொன்னால், இரட்டைக் குவளையைக் கான்கிரீட்டில் கட்டியிருக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

தண்ணீரும் முட்டையும்

கை கழுவு என்கிறார்கள். எந்தத் தண்ணீரில்? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் குடியிருப்புக்கான மேல்நிலைக் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அந்தக் கொடுமையை முதலில் வெளிப்படுத்தியவை குழந்தைகளின் உடல்கள்தான். குழந்தைகள் அடுத்தடுத்து நோயுற்று மருத்துவமனைக்குப் போன பிறகே தண்ணீரின் மேல் சந்தேகம் வந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில், காவல்துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது, அதே தெருவைச் சேர்ந்த மூன்று பேர் மீது. பாதிக்கப்பட்ட மக்கள் அதை ஏற்கவில்லை. பாதுகாப்பு என்பது ஐந்து கூறுகளில் ஒன்று என்றால், வேங்கைவயல் குழந்தைகளுக்கு அதைத் தரவேண்டியது யார்? கையைக் கழுவச் சொல்லித்தர மறந்த தாயா?

அதே ஆண்டுகளில் நடந்த இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல்லை நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அறிவித்தார். நல்லது. பெயர்ப்பலகை மாறட்டும். பலகைக்குப் பின்னால் இருக்கும் தொட்டியும் மாற வேண்டும்.

அடுத்து உணவு. 6 முதல் 23 மாதம் வரையிலான குழந்தைகளின் இணை உணவு பற்றி உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. இறைச்சி, மீன், முட்டை போன்ற விலங்குவழி உணவு குழந்தைக்குத் தினமும் வேண்டும் என்று அது சொல்கிறது. ‘சர்வதேசத் தரம்’ என்று எதற்கெடுத்தாலும் சொல்கிறவர்கள் இந்த வரி வந்ததும் வாயடைத்துப் போகிறார்கள். 2015-இல் மத்தியப் பிரதேச முதலமைச்சர் அங்கன்வாடியில் முட்டை தரும் யோசனையை நிராகரித்தார். 2021-இல் கர்நாடகத்தில் பள்ளி மதிய உணவில் முட்டை வந்தபோது மடாதிபதிகள் எதிர்த்தார்கள். சாப்பிடப் போகும் குழந்தைகளில் பெரும்பான்மையோர் முட்டையும் கறியும் சாப்பிடும் வீட்டுப் பிள்ளைகள். தடுப்பவர்களுக்கோ தங்கள் சாதியின் தட்டு நாட்டின் தட்டாக இருக்க வேண்டும். குழந்தையின் வளர்ச்சியைவிடத் தன் தீட்டுக் கணக்கு பெரிது என்று நினைப்பதற்குப் பெயர்தான் பார்ப்பனியம். தமிழ்நாட்டுச் சத்துணவில் 1989-லேயே முட்டை வந்துவிட்டது. அந்தப் பெருமை நமக்கு உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நாம் கொண்டாடும் சத்துணவும் 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் இரண்டு வயதுக்குப் பிறகுதான் குழந்தையை எட்டுகின்றன. அதற்கு முன்பே முடிந்துவிடும் அந்த ஆயிரம் நாட்களுக்கு, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவுப் பொட்டலம்தான் பிரதானம்.

தகுதியின் பிறப்பிடம்

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பழங்குடிக் குழந்தைகளில் இது 41, பட்டியல் சாதிக் குழந்தைகளில் 39, இடஒதுக்கீட்டுப் பட்டியல் எதிலும் இல்லாத பிற பிரிவினரில் 30. தமிழ்நாட்டின் சராசரி 25. வறுமைதான் காரணம், சாதி அல்ல என்று சொல்கிறவர்களுக்கு அசுவினி தேஷ்பாண்டேயும் ராஜேஷ் ராமச்சந்திரனும் செய்த ஆய்வு பதில் தருகிறது. தீண்டாமை அதிகம் கடைப்பிடிக்கப்படும் பகுதிகளில் பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவும் கூடுகிறது என்பது அவர்கள் கண்டது. இரட்டைக் குவளையின் அளவுகோல் குழந்தையின் எலும்பிலேயே பதிந்திருக்கிறது.

பதினேழு வயதில் நீட் தேர்வு மையத்தின் வாசலில் நின்றுகொண்டு தகுதி, திறமை என்று பேசுகிறவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும். ஓட்டப்பந்தயம் கருவிலேயே தொடங்கிவிடுகிறது. ஒருவருக்குப் பன்னிரண்டு மாத விடுப்பும் முட்டையும் சுத்தமான தண்ணீரும் கதைசொல்ல ஆளும். இன்னொருவருக்குத் தூளியும் தொடாத கையும். இதற்குப் பிறகும் இடஒதுக்கீட்டைச் சலுகை என்கிறார்கள்.

இங்கே நாம் ஓர் ஆபத்தையும் கவனிக்க வேண்டும். மூளை வளர்ச்சி பற்றிய இந்த அறிவியலையே திருப்பிப் போட்டு, ‘சேரிக் குழந்தையின் மூளை ஏற்கெனவே குறைபட்டது, இனி என்ன செய்ய முடியும்’ என்று பேசவும் வழி இருக்கிறது. அமெரிக்காவில் 1995-இல் ஒரு நூல், ஏழை வீட்டுக் குழந்தை மூன்று வயதுக்குள் மூன்று கோடிச் சொற்களைக் குறைவாகக் கேட்கிறது என்று அறிவித்தது. 42 குடும்பங்களை வைத்துச் செய்த கணக்கு அது. கறுப்பின, ஏழைத் தாய்மார்களுக்குப் பேசத் தெரியாது என்ற முத்திரை அதிலிருந்து உலகெங்கும் பரவியது. பின்னால் வந்த ஆய்வாளர்கள், தாய் நேராகப் பேசும் சொல்லை மட்டும் எண்ணிவிட்டுச் சுற்றி இருப்பவர்களின் பேச்சை விட்டுவிட்டீர்களே என்று கேட்டார்கள். நம் தெருவுக்கு வந்து பாருங்கள். ஆயாவின் ஒப்பாரியும் பெரியப்பாவின் கேலியும் பறையின் அடியும் திண்ணையில் நடக்கும் சண்டையும் கேட்டு வளரும் குழந்தை அது. எங்களிடம் சொல்லுக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. சோறும் கூலியும் நேரமும்தான் பறிக்கப்பட்டிருக்கின்றன. பறித்ததைத் திருப்பிக் கொடுத்தால் குழந்தை வளரும். மூன்று வயதோடு கதவு சாத்தப்பட்டுவிடுவதும் இல்லை. எட்டு வயதில் பள்ளியை விட்ட என் அக்காவின் மகள் இன்று கல்லூரியில் படிக்கிறாள்.

நம் தோழர்களுக்கு ஒரு வார்த்தை

உலக வங்கி கையெழுத்துப் போட்ட ஆவணம் நமக்கு எதற்கு என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். அந்தச் சந்தேகம் நியாயமானது. பொதுச் செலவைக் குறைக்கச் சொல்லும் நிறுவனம் குழந்தை நலம் பேசினால் சந்தேகப்படத்தான் வேண்டும். ஆனால் ஆவணத்தைத் தூக்கி எறிவதால் லாபம் யாருக்கு? ‘எல்லாக் குழந்தைகளுக்கும்’ என்று அதில் எழுதியிருக்கிறது. எல்லா என்ற சொல்லைச் சாதி இந்து சமூகம் ஒருநாளும் தானாகச் சொன்னதில்லை. சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு கணக்குக் கேட்பதுதான் நம் வேலை. அண்ணல் சட்டத்தைக் கையாண்டதும் அப்படித்தான்.

ஆகவே கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம். அமைப்புசாராப் பெண்களுக்கும் ஒப்பந்தப் பணியாளர்களுக்கும் ஆறு மாதக் குறைந்தபட்சக் கூலியை மகப்பேறு ஊதியமாக அரசே கொடுக்க வேண்டும், குழந்தை எண்ணிக்கை நிபந்தனை இல்லாமல். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, கூலி வேலை முடிந்து தாய் திரும்பும் வரை திறந்திருக்கும் காப்பகம் ஒவ்வொரு குடியிருப்பிலும் வேண்டும். தினம் ஒரு முட்டை வேண்டும். குழந்தைகளின் உயரம், எடை விவரங்களை ஊர் வாரியாக, சாதி வாரியாக வெளியிட வேண்டும். இத்தனையையும் தோளில் சுமக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு மதிப்பூதியம் என்ற பெயரில் சொற்பத் தொகை கொடுப்பதை நிறுத்தி, அவர்களை அரசு ஊழியராக்க வேண்டும். பணிக்கொடை பெற அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2022-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

இதை வாசிக்கும் இளைஞர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த கிராமசபைக்குப் போங்கள். ஊரில் அங்கன்வாடி எந்தத் தெருவில் இருக்கிறது, நம் தெருக் குழந்தைகள் எத்தனை பேர் அங்கே வருகிறார்கள், சமைப்பவர் யார், அவர் கையால் சாப்பிடாத வீடு எது, குடிநீர்த் தொட்டி கடைசியாக எப்போது கழுவப்பட்டது என்ற ஐந்து கேள்விகளையும் எழுதிக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் அதுவும் அந்தப் புத்தகத்தில் பதிவாகட்டும். தாய்மார்களிடம் இத்தனை காலம் கேள்வி கேட்டது போதும். இனி பதில் சொல்ல வேண்டியவர்களிடம் கேட்போம்.